தட்டைத் தள்ளும் குழந்தையும் வீட்டுச் சைவச் சமையலும்

இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் பெரும்பாலான குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் சாப்பாட்டைத் தள்ளத் தொடங்குகின்றன. பத்து மாதத்தில் பருப்புச் சாதம், மசித்த கேரட், கீரைக்கடைசல் என்று ஊட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்ட அதே குழந்தை, இரண்டரை வயதில் வெள்ளைச் சோற்றையும் தயிரையும் தவிர வேறெதையும் தொடுவதில்லை. குழம்பில் கிடக்கும் ஒரு கத்தரிக்காய்த் துண்டு ஓரத்தில் பட்டுவிட்டால் தட்டு முழுவதுமே வேண்டாம் என்றாகிவிடுகிறது. வீட்டில் இதற்கு அடம் என்றும் செல்லம் என்றும் பெயர் வைக்கிறார்கள். இரண்டு பெயரும் குழந்தைக்குப் பொருந்தாதவை. இது வளர்ச்சியில் வந்து போகும் ஒரு பருவம். அதற்கான காரணங்கள் உடம்பிலேயே இருக்கின்றன.

முதல் காரணம் பசி குறைவது. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடுகிறது. அதன் பிறகு ஆண்டுக்கு 2 கிலோ அளவில்தான் எடை ஏறும். வளரும் வேகம் தணிந்த உடம்பு முன்போல் சோறு கேட்பதில்லை. ஊட்டுகிறவர் மனத்திலோ முதல் வருடத்து வேகமே அளவுகோலாக நிற்கிறது. "போன வருஷம் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான், இப்ப அரைக்கிண்ணம் இறங்கல" என்ற கவலை பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிசகிலிருந்து பிறக்கிறது.

இரண்டாவது காரணம் புதியதைக் கண்டு வரும் அச்சம். கைக்குழந்தையின் வாய்க்குள் போவதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தானாக நடக்கும் குழந்தை கையில் அகப்படும் இலையையும் காயையும் மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நடக்கத் தொடங்கிய பிறகு இந்த எச்சரிக்கை தலைதூக்குகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். கசப்பும் இலைப்பச்சையும் முதலில் விலக்கப்படுவதும் இதனால்தான். கசப்பை உணரும் திறன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. அது மரபணுவோடு வருவது. அக்கா விரும்பிச் சாப்பிடும் பாகற்காய் தம்பியின் நாக்குக்கு மெய்யாகவே கூடுதலாகக் கசக்கலாம். அக்காவைக் காட்டித் தம்பியை வெட்கப்படுத்துவதில் நியாயமில்லை.

இந்த அச்சம் பழகப் பழகத் தணியும். அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச் 1980களில் சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வுகளும் அவற்றைத் தொடர்ந்து வந்தவையும் இதைத் தெளிவாகக் காட்டின. ஒரு புதிய உணவைக் கட்டாயமில்லாமல் 8 முதல் 15 முறை சுவைத்துப் பார்த்த பிறகே பல குழந்தைகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. வெறுமனே கண்ணால் பார்ப்பது போதாது. ஒரு துணுக்காவது நாக்கில் பட வேண்டும். பட்ட பிறகு துப்பினாலும் அது ஒரு முறைதான். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது மறுப்போடு "இவளுக்குப் பூசணிக்காய் பிடிக்காது" என்று தீர்ப்பாகிவிடுகிறது. அந்தத் தீர்ப்பைக் குழந்தையின் காதுபடச் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார்கள். பிறகு குழந்தையும் அந்தப் பெயரைக் காப்பாற்றத் தொடங்குகிறது.

பர்ச்சின் இன்னொரு கண்டுபிடிப்பை ஒவ்வொரு வீட்டின் அடுப்படியிலும் எழுதி ஒட்டலாம். ஒன்றைச் சாப்பிட்டால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தபோது அந்த உணவின்மேல் குழந்தைகளுக்கு இருந்த விருப்பம் குறைந்தது. "இந்தக் கீரையைத் தின்னுடு, சாக்லேட் தரேன்" என்ற பேரத்தில் குழந்தை கற்றுக்கொள்வது இரண்டு பாடம்: கீரை கூலி வாங்கிக்கொண்டு செய்யவேண்டிய வேலை, சாக்லேட்தான் உயர்ந்த பண்டம்.

இதற்கும் முன்பு, 1920களின் பிற்பகுதியிலேயே, கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் துணிச்சலான ஒரு சோதனையைத் தொடங்கினார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளுக்கு முன்னால் காய், கனி, தானியம், பால் எனப் பலவகை உணவுகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, எதை எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தைகளிடமே விட்டுவிட்டார். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாகத் தின்றது. எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. இதைச் சொல்லிக் குழந்தையின் நாக்குக்கு எல்லாம் தெரியும் என்று வாதிடுகிறவர்கள் டேவிஸ் 1939இல் எழுதியதை விட்டுவிடுகிறார்கள். சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருந்தது என்று அவரே சொன்னார். கிண்ணங்களில் சர்க்கரையோ மைதாப் பண்டமோ எதுவும் இல்லை. எந்தக் கிண்ணத்தைத் தொட்டாலும் நல்ல உணவுதான். பெரியவர் தேர்ந்தெடுத்ததற்குள் குழந்தை தேர்ந்தெடுத்தது. எலின் சாட்டர் என்ற உணவியலாளர் பிற்பாடு இதையே வீட்டுக்கான பங்கீடாக வகுத்தார். எதை, எப்போது, எங்கே என்பது பெற்றோர் கையில். தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தை கையில்.

தமிழ்நாட்டுச் சைவச் சமையலுக்கு இந்தப் பங்கீடு இயல்பாகப் பொருந்தும். ஒரு வேளைச் சாப்பாட்டில் சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல் அல்லது கூட்டு, தயிர் என்று நான்கைந்து தனித்தனிப் பண்டங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றாவது குழந்தைக்குப் பழகியதாக இருக்கும். குழந்தைக்கென்று தனியாக நூடுல்ஸ் கிளறும் அவசியம் இந்த அமைப்பில் எழவே கூடாது. தனிச்சமையல் ஒரு வாரம் நடந்துவிட்டால் மற்றவர் தட்டில் இருப்பது தனக்கானதல்ல என்று குழந்தை முடிவு செய்துவிடுகிறது. பழகிய ஒன்று, பாதி பழகிய ஒன்று, புதிது ஒரு கரண்டி என்ற மூன்றும் ஒரே உலையிலிருந்து வந்தால் போதும்.

குழந்தை எதை மறுக்கிறது என்று உற்றுப் பார்த்தால், பல நேரம் காயின் பெயர் அதில் இல்லை. வாயில் படும் விதம் இருக்கிறது. கத்தரிக்காயின் வழுவழுப்பு, வெண்டைக்காயின் பிசுபிசுப்பு, தக்காளித் தோல், பல்லில் சிக்கும் கீரைத் தண்டு. இவற்றோடு நம் தாளிப்பையும் சேர்க்க வேண்டும். கடுகு, கறிவேப்பிலை, கடலைப்பருப்பு, கிள்ளிய மிளகாய், இஞ்சித் துண்டு என்று நாம் சோற்றில் போடுபவற்றில் பாதி, தின்னும்போது எடுத்து ஒதுக்குவதற்கே போடப்படுபவை. பெரியவரின் விரல் யோசிக்காமல் ஒதுக்கிவிடும். மூன்று வயதுக் குழந்தை ஒருமுறை மிளகாயைக் கடித்துவிட்டால், மறுநாள் முதல் ஒவ்வொரு பருக்கையையும் சோதனை போடும். ஒதுக்கக் கற்றுக்கொடுத்தது தாளிப்புதான். அதன் பலனைக் காய்கறி அனுபவிக்கிறது. இந்த வயதில் கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பதும், மிளகாயைத் துணியில் முடிந்து கொதிக்கவிட்டு எடுத்துவிடுவதும், இஞ்சியைத் தட்டிச் சாறாகச் சேர்ப்பதும் சிறு வேலைகள். அவற்றால் குழந்தையின் சந்தேகம் பெருமளவு குறைகிறது.

வெண்டைக்காயை எடுத்துக்கொண்டால் இது இன்னும் விளங்கும். கழுவியதும் ஒவ்வொரு காயையும் துணியால் ஈரம்போகத் துடைத்து, மெல்லிய வட்டமாக நறுக்கி, அகலமான இரும்பு வாணலியில் மூடாமல் வதக்க வேண்டும். பாதி வதங்கியபோது ஒரு கரண்டி தயிரோ புளித்தண்ணீரோ தெளித்தால் நூல் விடுவது நின்றுவிடும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். முன்பே போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். இறக்குமுன் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் ஒரு சிட்டிகை மஞ்சளும் தூவிப் புரட்டினால் வட்டங்கள் தனித்தனியாக, மொறுமொறுவென்று வரும். சாம்பாரில் கிடந்த வெண்டைக்காயைத் தொடாத குழந்தை இதைக் கையால் எடுத்துத் தின்னும். காய் அதேதான்.

எல்லாக் குழந்தைக்கும் மொறுமொறுப்புத்தான் வேண்டும் என்பதில்லை. சில குழந்தைகளுக்கு மென்மையே பிடிக்கும்; அவற்றுக்குக் கூட்டு நல்ல தோழன். புடலங்காயையோ சுரைக்காயையோ பாசிப்பருப்போடு குழைய வேகவைத்துத் தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டால், மிளகாய் இல்லாமலே குடும்பம் முழுவதும் சாப்பிடக்கூடிய பண்டம் தயார். தன் வீட்டுக் குழந்தை மொறுமொறுப்புக் கட்சியா மென்மைக் கட்சியா என்று ஒரு வாரம் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

குழம்புக்குப் பழக்குவது படிப்படியாக நடக்க வேண்டும். துவரம்பருப்பும் காயும் வெந்த பிறகு, புளியும் மிளகாய்த்தூளும் சேர்ப்பதற்கு முன், ஒரு கரண்டி பருப்பையும் இரண்டு துண்டுக் காயையும் தனியே எடுத்து வைத்துக்கொள்வது தமிழ் அடுப்படிகளில் ஏற்கனவே உள்ள வழக்கம். அந்தப் பருப்பில் நெய் விட்டுப் பிசைந்த சோறு குழந்தையின் வீடு. அங்கிருந்து சாம்பாருக்கு வழி போட வேண்டும். முதல் வாரம் அந்தச் சோற்றில் தேக்கரண்டி அளவு சாம்பார். அடுத்த வாரம் இரண்டு. ஒரு மாதத்தில் பாதிக்குப் பாதி ஆகிவிடும். பருப்புச் சோற்றிலிருந்து ஒரே நாளில் காரக்குழம்புக்குத் தாவச் சொல்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

காயை அரைத்து மறைத்துக் கொடுப்பது பற்றிப் பலருக்கும் கேள்வி உண்டு. பீட்ரூட்டைத் துருவிச் சப்பாத்தி மாவில் பிசைவதும், கேரட்டைத் தோசை மாவில் கலப்பதும், கீரையை அடையில் சேர்ப்பதும் நல்ல சமையல்தான். ஒளித்துச் செய்வதில்தான் கெடுதல். அம்மா சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று குழந்தை ஒருநாள் கண்டுபிடித்தால், அதுவரை நம்பித் தின்ற தோசையும் போய்விடும். "இன்னிக்கு பீட்ரூட் சப்பாத்தி, ரோஸ் கலர்ல வரும் பாரு" என்று சொல்லிவிட்டே செய்யலாம். துருவுவதற்குக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

உதாரணத்துக்கு, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், மலைமேல் முக்தியாலீசுவரர் கோயில் நிற்கும் பெருமுக்கல்லையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் எடுத்துக்கொண்டால், இந்தச் சமையலுக்கு வேண்டிய பொருள் ஏறக்குறைய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் விளைகிறது. வேர்க்கடலை இந்த வட்டாரத்தின் பயிர். விற்பனைக் கமிட்டியில் மணிலா என்றும் வீட்டில் மல்லாட்டை என்றும் சொல்வார்கள். மணிலாக்கொட்டை என்பதுதான் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. நாடெங்கும் விவசாயிகள் விதைத்த டி.எம்.வி. 2 என்ற வேர்க்கடலை ரகம் 1940இல் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அந்த மூன்றெழுத்து திண்டிவனத்தையே குறிக்கிறது. உளுந்தும் இங்கே பெருவாரியாக விளைகிறது. கேழ்வரகும் கம்பும் முன்பு அன்றாடச் சோறாக இருந்து, இப்போது ஆடி மாதக் கூழோடு நின்றுவிட்டவை. கொல்லையில் ஒரு முருங்கை இல்லாத வீடு குறைவு. கோடையில் சாலையோரமெங்கும் தர்ப்பூசணி குவிந்திருக்கும்.

இந்த ஊர்களில் சைவக் குடும்பங்களில் மட்டுமல்ல, கறி மீன் சாப்பிடும் குடும்பங்களிலும் வாரத்தில் ஐந்தாறு நாள் அடுப்பில் இருப்பது சைவச் சமையல்தான். புரட்டாசியில் மாதம் முழுவதுமே அப்படி. ஆகவே சைவச் சாப்பாட்டைக் குழந்தைக்குப் பிடித்தமாக்குவது எல்லா வீட்டுக்கும் உரிய பொதுவேலை.

வடதமிழ்நாட்டின் சிமிலி உருண்டையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கேழ்வரகு மாவில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துக் கெட்டியாகப் பிசைந்து, வாழையிலையில் தடிமனாகத் தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் அதிகம் இல்லாமல் இருபுறமும் நன்றாக வேகவிட வேண்டும். கல்லிலிருந்து எடுத்ததும் அந்த அடையைச் சூடு ஆறுவதற்குள் பிய்த்துப்போட வேண்டும். வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டையும் வெல்லமும் சேர்த்து முன்பு உரலில் இடிப்பார்கள். இப்போது மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுகிறார்கள். எள் சேர்ப்பதும் உண்டு. இடிபட இடிபட மல்லாட்டையிலிருந்து எண்ணெய் கசிந்து, மாவு தானாகவே உருண்டைக்குப் பதமாகும், நெய் தேவைப்படாது. உருட்டும்போது குழந்தையின் கையிலும் ஒரு பிடி மாவைக் கொடுத்துவிட்டால், கோணலாக உருட்டியதை அது தானே தின்றுவிடும். கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்து, மல்லாட்டையின் புரதம், வெல்லத்தின் இனிப்பு மூன்றும் ஒரே உருண்டையில் சேர்கின்றன. ஆயாக்கள் கண்ட இந்தப் பண்டத்துக்குப் பக்கத்தில் எந்தக் கடைப் பிஸ்கட்டும் நிற்காது.

இதே மாவில் வெல்லத்துக்குப் பதில் நறுக்கிய வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்தால் கார அடை. கீரையை மறுக்கும் குழந்தைக்கு முதலில் அடையில் நாலைந்து இலை மட்டும் தெரிய வேண்டும். ஓரங்களைச் சற்று முறுகவிட்டு, சிறுசிறு வட்டமாகத் தட்டிக் கொடுத்தால் அது கீரை என்பதைவிட அடை என்பதே முன்னால் நிற்கும். இலையின் அளவு வாரத்துக்கு வாரம் ஏறலாம்.

மல்லாட்டையில் ஓர் எச்சரிக்கை உண்டு. நான்கைந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு முழுக்கடலை கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். பொடித்தோ அரைத்தோதான் கொடுக்க வேண்டும். கடலை ஒவ்வாத குழந்தைகளும் இருப்பதால், முதல்முறை சிறிதளவு கொடுத்துக் கவனித்துக்கொள்வது நல்லது.

சத்துக் கணக்குக்கு வந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 16 கிராம் புரதமும், 11 மில்லிகிராம் இரும்பும், 550 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் தேவை. சைவச் சாப்பாட்டில் புரதம் கிடைக்காது என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. 25 கிராம் வேர்க்கடலையில் ஏறக்குறைய 6 கிராம், இரண்டு இட்லியில் 4 கிராம், ஒரு சிறு கிண்ணத் தயிரில் 3 கிராம், ஒரு கரண்டிப் பருப்பில் 3 கிராம் என்று கூட்டினாலே 16 வந்துவிடுகிறது. சோற்றில் உள்ளது இன்னும் கணக்கில் சேரவில்லை. அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுகட்டும். அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல், பருப்புச் சாதம் மூன்றும் அந்தக் கூட்டின்மேல் நிற்பவை.

உண்மையான சிக்கல் இரும்பில் இருக்கிறது. 2015–16இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 50.7 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. 2019–21இல் அது 57.4 ஆக உயர்ந்திருக்கிறது. இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு மேல் என்னும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியாது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் உறிஞ்சுவதில்லை. அதே வாயில் வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சும் அளவு கூடுகிறது. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, கீரைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டுக் கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுப்பது, பயறை ஊறவைத்து முளைகட்டுவது ஆகியவை செலவில்லாத வழிகள். சாப்பாட்டோடு தேநீர் கொடுப்பது இதற்கு நேர் எதிரான வேலை. பி12 வைட்டமின் தாவர உணவில் கிடைப்பதில்லை. முட்டையும் தொடாத வீடுகளில் பால், தயிர், மோர் வழியாகத்தான் அது வர வேண்டும். பாலையும் விலக்கும் வீட்டில் மருத்துவரைக் கேட்டு மாத்திரையோ சொட்டு மருந்தோ கொடுப்பது கட்டாயம்.

பால் அளவுக்கு மீறினாலும் கெடுதல் செய்யும். சாப்பிடாத குழந்தைக்குப் பாலாவது போகட்டும் என்று பெற்றோர் மூன்று நான்கு டம்ளர் ஊற்றுகிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை அதனாலேயே சோற்றைத் தள்ளுகிறது. பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிகமாகக் குடித்தால் மற்ற உணவிலுள்ள இரும்பைச் சேரவிடாமலும் தடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு சிறு டம்ளர் போதுமானது. பத்து ரூபாய் பாக்கெட் தின்பண்டமும் இதே வேலையைச் செய்கிறது. பதினொரு மணிக்கு ஒரு பாக்கெட் காலியானால் ஒரு மணிக்குப் பசி இருக்காது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு முறை சுண்டலோ பழமோ சிமிலியோ, நடுவில் தண்ணீர் மட்டும் என்று நேரம் நிலைபெற்றால் குழந்தை பசியோடு உட்காரும். எந்தச் சமையல் நுணுக்கமும் பசிக்கு ஈடாகாது.

குழந்தைகளுக்குப் பிடித்த சைவச் சாப்பாடு எது என்பதைப் பெருவாரியாகச் சமைத்துப் பார்த்த அனுபவம் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு உண்டு. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆரின் சத்துணவு என்று விரிந்த வரலாறு அது. நீண்ட காலம் தட்டில் இருந்தது பெரும்பாலும் சோறும் சாம்பாரும். 2013இல் முன்னோட்டமாகத் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் பரவிய கலவைச்சாதத் திட்டத்தில் 13 வகை வந்தன. காய்கறிப் பிரியாணி, கொண்டைக்கடலைப் புலவு, தக்காளிச் சாதம், கறிவேப்பிலைச் சாதம், கீரைச் சாதம், புளிச் சாதம், எலுமிச்சைச் சாதம் ஆகியவை முறைவைத்துச் சுழன்றன. முட்டை சாப்பிடாத குழந்தைக்கு வாழைப்பழம். இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒரு செய்தி தெரியும்: கீரையும் கறிவேப்பிலையும் இலையாக நிற்காமல் சோற்றோடு கலந்து, நிறமும் மணமும் ஆகிவிட்டன. தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதற்கு எதுவும் இல்லை.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை கிழமை முறைப்படி வந்தன. ஒரு குழந்தைக்கு 50 கிராம் தானியம், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு என்பது கணக்கு. 2025இல் திங்கட்கிழமை உப்புமாவுக்குப் பதில் பொங்கலும் சாம்பாரும் என்று அரசு மாற்றியது. குழந்தையின் நாக்கைக் கேட்டு அரசாங்கமே பட்டியலைத் திருத்தும்போது, ஐந்து பேர் உள்ள வீடும் கேட்கலாம். "பொங்கலா, இட்லியா, எது வேணும்?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், இரண்டும் நல்ல உணவாக இருக்கும்போது குழந்தை எதைச் சொன்னாலும் பெற்றோருக்கு நட்டமில்லை. "என்ன வேணும்?" என்று மொட்டையாகக் கேட்டால் நூடுல்ஸ் என்றுதான் பதில் வரும்.

வீட்டில் தொடாத சாம்பாரைப் பள்ளியில் தின்றுவிட்டு வரும் குழந்தையைப் பற்றித் தாய்மார் வியப்போடு சொல்வதுண்டு. அதில் வியக்க ஒன்றுமில்லை. பர்ச் 1980இல் செய்த ஓர் ஆய்வில், தனக்குப் பிடிக்காத காயை விரும்பித் தின்னும் பிள்ளைகளோடு உட்காரவைக்கப்பட்ட குழந்தை, சில நாளில் தானும் அந்தக் காயை எடுக்கத் தொடங்கியது. வரிசையாக உட்கார்ந்து, ஒரே பண்டத்தை, ஒரே நேரத்தில் தின்பது பந்தி. பள்ளியில் பந்தி இருக்கிறது. பல வீடுகளில் அது போய்விட்டது. குழந்தைக்கு ஆறரைக்குக் கைப்பேசி முன்னால் ஊட்டி முடித்து, அப்பாவுக்கு ஒன்பதுக்குப் பரிமாறி, அம்மா அடுப்படியில் நின்றபடி முடித்துக்கொள்ளும் வீட்டில், பெரியவர் சுரைக்காய் தின்பதைக் குழந்தை பார்த்ததே இல்லை. ஊட்டும்போது கைப்பேசியைக் காட்டினால் வாய் திறக்கும். ஆனால் என்ன தின்றோம் என்று குழந்தைக்குத் தெரியாது. அப்படி நூறுமுறை உள்ளே போன கீரையைப் பழகிய கீரை என்று சொல்ல முடியாது.

நிலாச்சோற்றில் இருந்தது இந்தப் பந்திதான். மொட்டைமாடியிலோ வாசலிலோ ஆயா நடுவில் உட்கார்ந்து, குழம்புச் சோற்றைப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்த நாலைந்து பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கொரு உருண்டை வைப்பார். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்தவன் உருண்டை தன்னுடையதைவிடப் பெரிதோ என்று பார்க்க வேண்டும். உருண்டைக்குள் என்ன காய் இருக்கிறது என்று சோதிக்க யாருக்கும் நேரமில்லை. வாரத்தில் ஒரு நாளாவது குடும்பம் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து உருண்டை வாங்கித் தின்றால், அடுப்பில் எதையும் மாற்றாமலே தட்டு காலியாவதைக் காணலாம்.

பழக்கம் வயிற்றிலேயே தொடங்குகிறது என்பதற்கும் சான்று உண்டு. ஜூலி மெனெல்லா என்ற ஆய்வாளர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற கடைசி மாதங்களிலோ பாலூட்டும் முதல் மாதங்களிலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால், குழந்தை முதன்முதலில் கேரட் சுவை கொண்ட கூழைத் தின்னும்போது குறைவாகவே முகம் சுளித்தது. உணவின் மணம் பனிக்குட நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் குழந்தைக்குப் போகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் மாதக்கணக்கில் காய்கறிகளை விலக்கும் வீடுகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுக்கு மறுக்கப்படும் புடலங்காயும் கீரையும் அவளுடைய உடம்புக்கும் வேண்டும், குழந்தையின் நாக்குக்கும் வேண்டும்.

பாகற்காயைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கசப்பு ஆறு ஏழு வயதுக்கு மேல்தான் பல பிள்ளைகளுக்கு இணங்கும். அதற்கு முன் தட்டில் ஒரு வட்டம் இருந்தால் போதும். மிதி பாகலை மெல்லிய வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசிறி அரைமணி நேரம் வைத்துப் பிழிந்துவிட்டால் கசப்பில் ஒரு பங்கு போகும். அரிசி மாவு புரட்டி மொறுமொறுவென்று பொரித்தால் இன்னும் ஒரு பங்கு குறையும். வெல்லமும் புளியும் போட்ட பிட்லையில் மூன்றாவது பங்கு அடங்கும்.

பெரும்பாலான குழந்தைகள் ஆறு வயதைத் தாண்டும்போது இந்தப் பருவத்தையும் தாண்டிவிடுகின்றன. சில குழந்தைகளுக்கு மட்டும் சமையல் மாற்றம் போதாது. எடை கூடாமல் நிற்பது அல்லது குறைவது, கெட்டி உணவை விழுங்கும்போது அடிக்கடி புரையேறுவது, மென்று தின்னவேண்டிய எதையுமே வாயில் வைக்க மறுப்பது, தின்று வந்த பண்டங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்து நாலைந்தில் வந்து நிற்பது, வெளிறிய நாக்கும் ஓயாத சோர்வும், மண்ணோ சாம்பலோ சாக்குக்கட்டியோ தின்பது ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அடையாளங்கள். அங்கன்வாடியில் மாதந்தோறும் குறிக்கப்படும் எடை வளர்ச்சி அட்டையைக் கையோடு கொண்டுபோனால், குழந்தை சாப்பிடுகிறதா இல்லையா என்ற கேள்விக்கு அந்தக் கோடே பாதிப் பதில் சொல்லிவிடும்.